லாங்-ஸ்லீவ்டுக்கு இரண்டு தட்டு

வியாழன், இரவு.

எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளிக்கு இங்கிலீஷ் நாக்கு வேண்டுமாம். கோயமுத்தூரிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்து, ஆபீசில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார். ஊரே ஃபுல் கை என்று சொல்லும் பனியனை இனி 'லாங்-ஸ்லீவ்ட்' என்றுதான் சொல்ல வேண்டும். அசைக்கு ஒரு கைதட்டு, ஆக இரண்டே தட்டு. 'ஸ்லீ-வ-டு' என்று இழுத்தால் முதலிலிருந்து தட்ட வேண்டும். கழுதை வயதில் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்று எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வீடியோவில் வந்தார். சரக்கை ஒரு வாரம் முன்னதாக அனுப்ப முடியுமா என்றார். முடியாது என்று சொல்லத்தான் பேசி வைத்திருந்தோம். முதலாளி "லாங்-ஸ்லீவ்ட்" என்று ஆரம்பித்தார், பழக்கதோஷத்தில் கையையும் தட்டினார். அவர் தட்டியதும் நாங்களும் தட்டித் தொலைத்தோம். சம்மதம் என்று நினைத்த பையர், தானும் தட்டி, நன்றி சொல்லிப் போய்விட்டார்.

"திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லீரலாமுங்க" என்றேன் முதலாளியிடம்.

"உடு அம்மணி, ஞாயித்துக்கிழமையும் மிஷின் ஓட்டிக்கலாம். லாங்-ஸ்லீவ்ட் எத்தன சுத்தமா வந்துச்சு, பாத்தியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்லாக் தையல் மிஷினில் உட்காரப்போவது அந்த நாக்கா?