முதல் மதகு வரை

மார்கழி, ஞாயிறு இரவு

பாரிசவாதம் வந்த பிறகு என் கணவருக்கு மேடு பள்ளம் ஆகாது. அதனால் மாலையில் வாய்க்கால் கட்டின் மேலேதான் நடக்கிறோம். முன்பெல்லாம் வாவிக்கரை வரை போவோம். இன்று முதல் மதகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னால ஏலாது புள்ள. நீ போய்ப் பாத்திற்று வா. வெள்ளம் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டினாங்களே, வயல் வட்டைக்குள்ள ஏறின தண்ணி இறங்கிற்றா எண்டு பாரு."

இவர் இல்லாமல் அந்தக் கரையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. வாய்க்கால் வளைவிலேயே பற்றை மறைவில் நின்று அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

"இறங்கிற்று. வயல் முழுக்கக் கொக்கு" என்றேன்.

இவர் என் கால்களைப் பார்த்தார். வெள்ளத்துக்குப் பிறகு வளைவுக்கு அங்கால் எல்லாம் சேறு என்பதை மறந்துபோனேன்.

"கால்ல ஒரு பொட்டுச் சேறில்ல. கொக்கில ஏறியா போன?" என்று சிரித்தார்.

விளக்கை அணைத்த பின்தான் சொன்னார்.

"நாளைக்கு மெய்யாப் போ புள்ள. நீயும் பாக்காட்டி எனக்கு ஆரு வந்து சொல்லுற?"

இவருடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டு ஓம் என்றேன். உணர்வற்ற கை அது. நான் பிடித்தது இவருக்குத் தெரிந்திருக்காது.