சோத்துக்குப் பதில் இல்ல

இன்று காலை சமையலறைப் பலகையைத் துடைக்கும்போது, டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் அந்தப் பழுப்புப் புட்டி இருந்தது. மூடியைத் திறந்தேன். சத்து மாத்திரைக்கே உரிய அந்த வாடை, புளித்த மாவும் துருவும் கலந்தது போல. உன் மருந்துக்கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற வாடை. மாத்திரைகள் காலாவதியாகி வெகுநாள் ஆகிவிட்டது. ஆனால் புட்டியின் மேல் நீ ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது, உன் கோணல் எழுத்தில்: 'சோத்துகு பதில் இல்ல'.

ஒரு 'க்'கும் ஒரு 'ப்'பும் குறைகின்றன. அன்றே சொன்னேன். உன் தமிழ் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கற்றது. எழுதிப் பழக்கமில்லை. "மாத்திரைக்கு என்னடி எலக்கணம்? வெளங்குதா இல்லியா?" என்றாய். விளங்கியது.

அந்த வருஷம் அம்மாவும் தம்பியும் மலேசியாவுக்குப் போய்விட்டார்கள். லான்மடாவ் பேட்டை வீட்டின் ஐந்தாவது மாடியில் நான் மட்டும். துறைமுகப் பக்கம் போட்டாதாங்கில் சரக்கு அனுப்பும் ஆபீசில் வேலை. கப்பலேறும் பருப்பு மூட்டைகளுக்குக் காகிதம் தயாரிக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் சரக்கு துறையிலேயே நிற்கும். பகலில் அந்தப் பிசகைப் பற்றிய பயம். வீட்டுக்கு வந்தால் எதைப் பற்றியென்றே தெரியாத பயம். மாடிப்படியில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். போன் மணி அடித்தால் எடுக்காமல் விட்டுவிடுவேன். ராணுவம் ஆளும் இந்த ஊரில் இப்போது யாருக்குத்தான் பயமில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உன்னிடமும்தான்.

ஒரு சாயங்காலம் நீ வேலை பார்த்த மருந்துக்கடையில் வந்து நின்று, "ஆசே ஒண்ணு குடு" என்றேன். பர்மிய மொழியில் 'ஆ' என்றால் பலம், 'சே' என்றால் மருந்து. சத்து மாத்திரை, டானிக், குளுக்கோஸ் தூள் எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரே பெயர்தான்.

"எதுக்கு?"

"அசதியா இருக்கு."

"அசதிக்கா, பயத்துக்கா?"

"அசதிக்குத்தான்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் புட்டியை எடுத்துக் கொடுத்தாய்.

நான்தான் எதையும் படித்துப் பார்த்துச் செய்கிறவளாயிற்றே. எந்தச் சத்து குறைந்தால் மனம் பதறும் என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு பெயர் சொன்னது. மக்னீசியம் என்றது ஒன்று, பி விட்டமின் என்றது ஒன்று, மீன் எண்ணெய் என்றது இன்னொன்று. படிக்கும்போது எல்லாக் குறையும் எனக்கே இருப்பதாகத் தோன்றியது. வாரம் ஒரு புட்டி வாங்கினேன். நான்காவதாக ஒன்று கேட்ட அன்று நீ கொடுக்கவில்லை. வீட்டில் இருப்பதையெல்லாம் கொண்டுவரச் சொன்னாய். மறுநாள் அவற்றை மேசைமேல் வரிசையாக நிறுத்தி, கண்ணாடியை மூக்குநுனிக்குத் தள்ளி, லேபிள்களை ஒவ்வொன்றாகப் படித்தாய்.

"இதுல இருக்கறது அதுல இருக்கு. அதுல இருக்கறது இதுல இருக்கு. ஒடம்புக்கு வேண்டியத எடுத்துக்கிட்டு மிச்சமெல்லாம் மஞ்ச மஞ்சளா ஒண்ணுக்குப் போயிரும். பாக்கலியா நீ?"

இருமல் மருந்துக்காகப் பக்கத்தில் நின்ற பர்மியப் பெரியவருக்குத் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம். அவர் உன்னைச் 'சயாமா' என்று மரியாதையாகக் கூப்பிட்டார். டீச்சரையும் டாக்டரம்மாவையும் கூப்பிடுகிற சொல். நீயும் அதே மரியாதையோடு அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"நேத்து ராத்திரி என்ன சாப்புட்ட?"

"சாப்புட்டேன்."

"சாப்புட்டியான்னு கேக்கல. என்ன சாப்புட்டன்னு கேட்டேன்."

"லப்பே."

"அப்புறம்?"

"அதான்."

"முந்தாநேத்து?"

முந்தாநேற்றும் அதேதான். லப்பே என்பது ஊறவைத்த தேயிலை. பொரித்த பூண்டு, கடலை, எள்ளு, தக்காளியெல்லாம் போட்டு எண்ணெய் விட்டுப் பிசைந்தால் வேலை முடிந்தது. அடுப்பு வேண்டாம், மின்சாரம் வருமா வராதா என்று காத்திருக்க வேண்டாம். ஓர் ஆளுக்காக எதற்குச் சோறு ஆக்குவது என்று மாதக்கணக்கில் அதுவே என் ராச்சாப்பாடாக இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் காப்பி மிக்ஸ் இரண்டு பாக்கெட்.

"ஏண்டி, பரீச்சைக்கு முழிச்சிக் கெடக்க நம்ம ரெண்டு பேரும் என்னத்தத் தின்னோம்?"

"லப்பே."

"தேயெலைய வயிறு முட்டத் தின்னுட்டு, தூக்கம் வரல, நெஞ்சு அடிக்குது, ஆசே குடுன்னு இங்க வந்து நிக்கறியே. உன் மூளைக்குக் குடுக்க இந்தக் கடையில ஒண்ணும் இல்லடி!"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். மூன்று புட்டிகளில் ஒன்றை மட்டும் திருப்பித் தந்தாய், அந்தத் தாளை ஒட்டி. காலையில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸோ அவித்த முட்டையோ. மதியம் சோறு, பருப்பு, கீரை. ராத்திரியும் சோறு. லப்பே வேண்டுமென்றால் பகலில் கொஞ்சம். காப்பி மிக்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் வயிற்றில் ஏதாவது போட்டபிறகு. இவ்வளவுதான் நீ சொன்ன வைத்தியம்.

செய்தேன். ஒரு மாதத்தில் பதற்றம் பாதி குறைந்தது. தூக்கம் வந்தது. மற்றப் பாதி அப்படியே இருந்தது. மாடிப்படியில் காலடி கேட்டால் இன்னும் நெஞ்சு அடித்துக்கொண்டது. "இப்ப எப்படி இருக்கு?" என்று நீ கேட்டபோது, "யாபாடே" என்றேன். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரே சொல்கிற சொல்.

"அது மொதப் பதில். ரெண்டாவத சொல்லு."

"என்ன ரெண்டாவது?"

"இங்க எவளும் மொதத் தடவ உண்மையச் சொல்றதில்ல. சோறு திங்கறியான்னா வேணாம்பா. ஒடம்பு எப்படின்னா யாபாடேம்பா. மொதப் பதில் ஆனாடேக்கு. ரெண்டாவது பதில்தான் கேட்டவளுக்கு."

ஆனாடே. பிறருக்குச் சிரமம் கொடுத்துவிடுவோமோ என்ற கூச்சம். வேண்டியதைக் கேட்கவிடாது, வலியைச் சொல்லவிடாது. பர்மியர்களோடு இத்தனை தலைமுறை இருந்ததில் நமக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லைப் பிரித்தால் 'ஆ' பலம், 'நா' நோவு. பலம் நோகிறது. நான் அதைப் பிரித்துப் பார்த்ததே கிடையாது. நீதான் பிரித்தாய், கேலிக்காக.

"ஆ நோவுதுன்னா ஆசே தின்னாப் போயிரும்னு நெனச்சிட்ட போல!"

கடைக்குள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலி போட்டாய். அதில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் எழுந்து எழுந்து போய் மருந்து விற்றுவிட்டு வந்து, "ம், மேல சொல்லு" என்றாய். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை. மறுநாள் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாய். அவரிடமும் நான் "அசதி" என்றே ஆரம்பித்தேன். மேசைக்கடியில் என் காலை மிதித்தாய்.

ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தார், டீயோடு சேர்த்து விழுங்காதே என்றார். பயத்துக்குத் தனியாக, மாதம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார். போனேன். மாத்திரையால் எவ்வளவு, சோற்றால் எவ்வளவு, பேச்சால் எவ்வளவு குணமானது என்று பிரித்துச் சொல்ல இன்றும் எனக்குத் தெரியாது. உடம்பில் இல்லாததை மாத்திரை கொடுக்கும். தின்னாமல் விட்டதைச் சோறு கொடுக்கும். சொல்லாமல் வைத்திருந்தது அந்த இரண்டுக்கும் எட்டாத இடத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலம் நீ இளைக்கத் தொடங்கினாய். என் வீட்டுக்கு ஏறி வரும்போது மூன்றாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உதடு வெளுத்திருந்தது.

"என்னடி ஆச்சு?"

"யாபாடே. மழையில நனஞ்சது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியும் உனக்கு. மறுநாளே சத்து மாத்திரை ஒரு புட்டி வாங்கிவந்து உன் கையில் வைத்தேன். உன் கடையில் வாங்கினால் சிரிப்பாய் என்று வேறு கடையில் வாங்கினேன். "எனக்கே ஆசேயா?" என்றாலும், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாய். நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. மருந்துக்கு நடுவிலேயே இருக்கிறவளிடம் என்ன கேட்பது என்ற கூச்சம். அதுவும் ஆனாடேதான்.

காய்ச்சல் இறங்காமல் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ரத்தத்தில் நோய் முற்றியிருந்தது. மழை விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னாடியே வந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்று டாக்டர் உன் அம்மாவிடம் சொன்னாராம். அதுவும் ஒரு முதல் பதிலோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

உன் சாமான்களை எடுத்துவைக்கும்போது நான் தந்த புட்டி கிடைத்தது. பாதி தீர்ந்திருந்தது. அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் தினம் ஒன்று விழுங்கியிருக்கிறாய். நான் கொடுத்தேன் என்பதற்காக.

இன்று காலை என் புட்டியில் மிஞ்சியிருந்த மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினேன். தாள் நனையாமல் புட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, உன் வீட்டுக்கு, அலோனுக்குப் பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன், இது உனக்குத் தெரியாது. சர்ச்சிலிருந்து வந்த உடுப்போடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"சாப்டீங்களா ஆன்ட்டி?"

"ஆச்சும்மா. நீ உக்காரு."

அடுப்படியில் சோற்றுப்பானை கவிழ்த்த வாக்கில் இருந்தது, காய்ந்துபோய்.

"என்ன சாப்டீங்க?"

அவர் கையிலிருந்த ஜெபமாலையைச் சுருட்டினார், பிரித்தார்.

"காப்பி மிக்ஸ் ஒண்ணு குடிச்சேன். பசிக்கல. ராத்திரியெல்லாம் படபடன்னு வருதும்மா. சத்து மாத்திர ஏதாச்சும் வாங்கித் தரியா? அவ இருந்தா குடுப்பா."

"வாங்கித் தரேன். நாளைக்கு டாக்டரம்மாட்டயும் போவோம். படபடப்ப அவங்ககிட்ட நீங்களே சொல்லணும்."

"எதுக்கு அவங்களுக்குச் செரமம்."

"நான் பக்கத்துல இருப்பேன்."

பானையை நிமிர்த்தி அரிசி களைந்தேன். வாங்கிப்போயிருந்த புளிச்சைக்கீரையை அவர் மடியில் போட்டுக்கொண்டு ஆய்ந்தார். இரண்டு காம்புகளைக் கிள்ளியபிறகு தலையை நிமிர்த்தினார்.

"நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் ஆன்ட்டி."

கண்ணாடியை மூக்குநுனிக்குத் தள்ளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை உனக்கு எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

"என்ன சாப்ட்ட?"

இரண்டு தட்டுகளை எடுத்துக் கழுவினேன்.