குறி தப்பிய துப்பாக்கி

செகந்திராபாத்,
8-11-1966

அன்புள்ள கனகத்துக்கு,

பிள்ளை பெற்ற பத்மாவும் குழந்தையும் நலமா? உன் முட்டிவலி எப்படி? நான் சௌக்கியம்.

குத்தகைக் கடலைக்காட்டில் பன்றி இறங்கிவிட்டது. பயப்படாதே, தூரத்திலிருந்துதான் சுட்டேன். இரண்டு தடவையும் ரவை அதன் காலுக்கு முன்னால் மண்ணில் விழுந்தது. போன வருஷம் நேராகச் சுட்ட துப்பாக்கி! எண்ணெய் போடக் கொடுத்தபோது துப்பாக்கி ரிப்பேர்க்கார ரசாக் பாய் குழலை மாற்றியிருப்பானோ என்று சந்தேகம். அவன் பட்டறைக்கே போய், சுவரில் காகிதம் ஒட்டி அவனையே சுடச் சொன்னேன். நட்டநடுவில் பட்டது. நான் சுட்டால் கீழே.

"அரே சேட், துப்பாக்கி மேல சந்தேகம் நக்கோ, வேணாம். உங்க கன்னம் ஒட்டிப்போச்சு. துப்பாக்கிக் கட்டையில கன்னம் வெச்சா கண்ணு கீழே இறங்குது, குறியும் கீழே போகுது" என்றான்.

நான் நம்பவில்லை. கட்டைமேல் ஒரு தோல்துண்டைக் கட்டிக் கொடுத்தான். சுட்டேன், நடுவில் பட்டது.

இப்போது மெஸ்காரன்மேல்தான் சந்தேகம். குழம்பு என்று எதை ஊற்றுகிறானோ! பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

தோலைப் பசைபோட்டு ஒட்டிவிடவா என்று ரசாக் கேட்டான். வீட்டுக்காரி திரும்பி வந்தால் கழற்ற வேண்டியிருக்கும், கட்டினாலே போதும் என்றேன்.

கடலை ஏற்ற லாரி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

ஜம்புநாதன்