கொரியா வில்லும் மாமாவும்

அரியாலை,
05.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கலா எழுதுவது. நானும் மகள் நிவேதனாவும் சுகம். அந்தக் குளிரில் நீங்களும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் மாமா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் கொரியாவுக்கு வரும் கஜந்தினியின் தம்பியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் வில். எப்போது போன் எடுத்தாலும் நீங்கள் அதைத்தானே முதலில் கேட்கிறீர்கள், பிள்ளை இரண்டாவதுதான்! உங்கள் முதலாளி பரிசாகத் தந்த, மூங்கிலில் எருமைக் கொம்பு ஒட்டிய அந்த வில்லை, குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் பல்ப் போட்டுச் சூட்டிலேயே வைத்திருந்தேன். அந்தக் காலத்து வீரர்கள் மழை நாளில் சூடான அறையில் வில்லை வைத்துக் காப்பார்களாம், ஈரம் பட்டால் பசை இளகுமாம், சண்டை என்றால் தணலில் வாட்டி நாண் ஏற்றி, முடிந்ததும் கழற்றுவார்களாம். நீங்கள் சொன்னதெல்லாம் எனக்குப் பாடம். பொங்கலுக்கு வந்து நாண் ஏற்றுவேன் என்றீர்கள்.

புயலோடு மூன்று நாள் கரண்ட் இல்லை, வளவுக்குள் வெள்ளம். நான் பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போனேன். மாமா அசையவில்லை. "மீன் பசையில ஒட்டினதெண்டு அவன்தானே சொன்னவன். கடல் சாமானுக்கு ஈரம் என்ன செய்யும்?" என்று, வலைக் கயிற்றால் நாண் ஏற்றி, வலைகளோடு கொட்டிலில் தொங்கவிட்டிருக்கிறார். மகன் வரும்போது தயாராக இருக்கட்டுமாம். நான் வந்து பார்த்தபோது கொம்பு மூங்கிலை விட்டுக் கழன்று, வில் முறுகிக் கிடந்தது. கோபத்தில் கத்திவிட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

மாமா உங்களிடம் "வில் கொஞ்சம் நனைஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை எடுத்தபோது, பொங்கலுக்கு வரச் சரிவராது என்றீர்கள். அன்றிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, தொழிலுக்கும் போவதில்லை. வாசல் படலைக்கும் கொட்டிலுக்கும் நடந்தபடியே இருக்கிறார். எனக்கும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

அத்தான், கஜந்தினியின் கணவரும் உங்கள் தொழிற்சாலையில்தானே வேலை. இன்னும் இரண்டு வருட வேலைக்கு நீங்கள் புரட்டாசியிலேயே கையெழுத்து வைத்துவிட்டதாக அவள் சொல்லிவிட்டாள். எனக்கு ஏன் ஒளித்தீர்கள்? அந்தச் சண்டையைப் பிறகு பிடிக்கிறேன்.

மாமாவுக்கு இது தெரியாது. வில்லைக் கெடுத்த கோபத்தில்தான் நீங்கள் வரவில்லை என்று நம்பியிருக்கிறார். எருமைக் கொம்பு எங்கே எடுக்கலாம் என்று நேற்றுக்கூட விசாரித்தார். உங்களைக் காட்டிக்கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

உடம்பைக் கவனியுங்கள். இது கிடைத்த அன்றே மாமாவுக்குப் போன் எடுங்கள். எந்த மாதம் கையெழுத்து வைத்தீர்கள் என்பதை உங்கள் வாயாலேயே அவருக்குச் சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள்,
கலா