ஏலக்கூடத்தில் கூடிய சபை

பாரி அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். இங்கே நள்ளிரவு, உங்கள் கப்பல் நிற்கும் ஊரில் இப்போது பிற்பகல் வெயில்.

"சிலியிலயே தங்கிடலாம் போல கீது" என்றீர்கள். அதன்பிறகு ஒரு வாரமாகப் போன் இல்லை. அந்த நாட்டைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். மலைக்கும் கடலுக்கும் நடுவே ரிப்பன் போல நீண்டு கிடக்கிறது. தலைநகரம் வேறெங்கோ இருக்க, நாடாளுமன்றம் நீங்கள் இருக்கும் துறைமுகத்தில் கூடுகிறதாம்.

பக்கத்து வீட்டுப் பூவம்மா அக்காவிடம் சொன்னேன். "அப்போ நம்ம ராயபுரத்துல சட்டசபை கீற மாதிரியா? மந்திரிங்கோ மீன் நாத்தத்துல குந்திகினு பேசுவாங்களா?" என்று சிரித்தார்.

சற்றுமுன் கனவில் காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தில் அந்தச் சபை கூடியது. நீங்கள் அங்கேயே தங்க அனுமதி கேட்டீர்கள். எதிர்ப்பவர்கள் கைதூக்கலாம் என்றார்கள். என் இரண்டு கையிலும் பாரி தூங்கிக்கொண்டிருந்தான்.

வருவீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி