பட்டியலில் மெர்சியின் பெயர் இல்லை

என் உயிரான மாப்ள தாவீது,

கென்யாவில் ஒரு கூடார விடுதியின் சமையலறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொடைக்கானல் என்றாலே தலைவலி என்று படுத்துக்கொள்கிற உன் மச்சான்தான். நம்புவாயா?

விலங்கியல் வாத்தியாராக ஓய்வு பெற்ற கையோடு உன் பெயரையும் மெர்சியின் பெயரையும் இந்தப் பயணத்துக்குப் பதிந்து வைத்தாய். முப்பது வருஷம் சிங்கத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவன், கம்பி இல்லாமல் ஒன்றையாவது பார்க்க வேண்டாமா என்றாய். கிளம்ப ஐந்து மாதம் இருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். "அவரு போட்ட திட்டம்ண்ணே, நான் போறேன்" என்று என் தங்கச்சி ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் துணைக்கு நானும் ஒட்டிக்கொண்டேன்.

கோரிப்பாளையத்தில் வேன் ஏறும்போதே அந்த டூர் மேனேஜரை எனக்குப் பிடிக்கவில்லை. கழுத்தில் விசில், கையில் கொடி. பதினெட்டுப் பேருக்கும் ஆரஞ்சுத் தொப்பி மாட்டிவிட்டு, "இனிமே நம்ம எல்லாரும் ஒரே ஃபேமிலி" என்றான். சொந்தக் குடும்பத்தையே சகிக்க முடியாதவன் நான். சிக்னல் தாண்டுவதற்குள் நாலு தடவை தலை எண்ணினான். நாலு தடவையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. இவன்தான் எங்களைக் கண்டம் தாண்டிக் கூட்டிப்போகப் போகிறவன்.

வேனில் சென்னை. அங்கிருந்து விமானத்தில் வளைகுடாவில் ஏதோ ஓர் ஊர். அங்கே பதினோரு மணி நேரக் காத்திருப்பு. என் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. நம் ஆட்கள் பளிங்குத் தரையில் செய்தித்தாளை விரித்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒரு ஜவுளிக்கடைக்காரர் எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, சிங்கம் பக்கத்தில் வந்தால் செல்ஃபி எடுக்க விடுவார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிங்கத்தை நினைத்து நான் இரக்கப்பட்டேன்.

அங்கேதான் எங்கள் கூட்டத்தில் வந்த அண்ணாநகர் அம்மா ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. "புருசன் போயி வருசம் திரும்பலயாம். அதுக்குள்ள ஊர் சுத்தக் கெளம்பிருச்சு."

மெர்சிக்கும் கேட்டது. கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் எழுந்து போனேன். "அது என் தங்கச்சி. புளியோதரைக்கு மட்டும் வாயத் தொறங்க, போதும்" என்றேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "விடுண்ணே" என்றாள் மெர்சி. உன் இடத்தில் நின்று பேசிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

நைரோபியில் இறங்கியபோது மெர்சியின் பெட்டி வரவில்லை. "அதெல்லாம் வந்துரும் மேடம், ஃபேமிலி வெயிட் பண்ணுது" என்று மேனேஜர் கொடியை ஆட்டினான். மாற்றுத் துணிகூட இல்லாமல் வண்டியேறினாள். ஏழு மணி நேர ரோடு. கடைசி இரண்டு மணி நேரம் மழையில் ஊறிய மண்பாதை. ஓர் இடத்தில் சக்கரம் பாதிவரை புதைந்துவிட்டது. ஒருவரும் இறங்கவில்லை. மேனேஜர் விசில் ஊதினான். சேறு விசிலுக்கு நகருமா? மெர்சிதான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, டிரைவரோடு சேர்ந்து சக்கரத்துக்கு அடியில் கல்லைப் பொறுக்கிப் போட்டாள். அவர் பிள்ளைகளின் பெயரைக்கூட அதற்குள் விசாரித்துவிட்டாள். உன் பெண்டாட்டி வேறெப்படி இருப்பாள்?

விடுதிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. முட்டிவரை சேறு. மேனேஜர் பட்டியலைப் படித்துச் சாவி கொடுத்தான். என் பெயர் வந்தது. மெர்சி பெயர் வரவில்லை.

"மேடம் பேரு லிஸ்ட்ல இல்லையே" என்றான்.

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது. "அம்புட்டுப் பேருக்கும் தொப்பி கொண்டாரத் தெரிஞ்சுதுல்ல? ஒரு பொம்பளை பேர எழுதத் தெரியாதாய்யா ஒனக்கு? நீயெல்லாம் எதுக்கு மேனேஜரு?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அது இனித்தது.

அவன் குரலை உயர்த்தவில்லை. "சார், ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நீங்கதான ஆபீசுக்குப் போன் பண்ணுனீங்க? தங்கச்சிக்கு ஒடம்பு முடியல, வரமாட்டா, பேர எடுத்துருங்கன்னு. அப்பறம் மேடம் பேசுனாங்க, நானும் எங்க அண்ணனும் வாரோம்னு. டிக்கெட்டு ரெண்டு பேருக்கும் போட்டாச்சு. கேம்ப் லிஸ்ட்ல உங்க பேர மட்டும் ஏத்திட்டாங்க. அது எங்க தப்புதான் சார். ஆனா எடுக்கச் சொன்னது நீங்க."

உண்மைதான், மாப்ள. உன்னை அடக்கம் செய்த மூன்றாவது மாதம், மெர்சிக்குத் தெரியாமல் நான் செய்த காரியம் அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது சபையார் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். அண்ணாநகர் அம்மா வாயால் சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். நான் செய்தே முடித்திருந்தேன். 'என் பேரைத் தவறி எடுத்துட்டாங்களாம்ண்ணே, மறுபடி சேக்கச் சொல்லிட்டேன்' என்று மெர்சி வந்து சொன்னபோதும், அப்படியா என்று காபி குடித்துக்கொண்டிருந்தவன் நான்.

மெர்சி என் பக்கம் திரும்பினாள். "ஒடம்பு முடியலன்னா சொன்ன?"

"ஆமா."

"எனக்கு என்னண்ணே நோவு?"

நான் என் சாவியை மேனேஜர் முன்னால் மேசைமேல் வைத்தேன், மாப்ள.

விடுதி நிரம்பியிருந்தது. எங்களுக்கு ஒருவர் படுக்கிற கூடாரம் ஒன்று, காலையில் மிருகம் பார்க்கப் போகும் ஜீப்பில் ஓர் இடம், அவ்வளவுதான். "அவளுக்கே குடுங்க" என்றேன், ஏதோ தியாகி மாதிரி. மெர்சி சாவியைத் தானே எடுத்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் குடுக்க வேணாம். எங்க வீட்டுக்காரரு எனக்குன்னு போட்டு வச்ச எடம் இது" என்று சொல்லிவிட்டுச் சேற்றுக் காலோடு நடந்தாள்.

ஒரு சுடிதாரையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஒருத்தி ஓடினாள். அந்த அண்ணாநகர் அம்மாதான். நான் டிரைவர்கள் தங்கும் அறையில் படுத்துக்கொண்டேன்.

காலையில் ஜீப் கிளம்பியபோது மெர்சி தொளதொளவென்ற இரவல் சுடிதாரில் முன் சீட்டில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று நாளாக எத்தனை பேரை ஏளனம் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். அத்தனை பேரிலும் மட்டமானவன் இந்த நாற்காலியில் இருக்கிறான்.

இவ்வளவு எழுதுவதற்குள் ஜீப் வந்துவிட்டது. மெர்சியின் தலைமுடி முழுக்கச் செம்மண் சேறு தெறித்திருந்தது. கண் மட்டும் பளபளவென்றிருந்தது. அழுதிருக்கிறாளா, சிரித்திருக்கிறாளா, தெரியவில்லை.

"என்னம்மா பாத்த?" என்றேன்.

"பாத்தேன்."

"என்னத்த?"

"அவருகிட்டச் சொல்லுவேன். ஒனக்குச் சொல்ல மாட்டேன்" என்று கூடாரத்துக்குள் போய்விட்டாள்.

அதனால் மிருகங்களைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, மாப்ள. ஊர் திரும்பியதும் அவளே கல்லறைக்கு வந்து சொல்வாள். அவள் சொல்லி முடிக்கிறவரை நான் வாசல் கதவுக்கு வெளியே நிற்பேன். அடுத்து அவள் எங்கே கிளம்பினாலும், கூப்பிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். கூப்பிடாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

மெர்சியின் அண்ணன் என்று சொல்லிக்கொள்ள இன்று கூசுகிற,
உன் மச்சான்
சாமுவேல்