எதையும் வெட்டாத கத்தரிக்கோல்

மார்ச் 3
இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஊரிடம் சொல்ல முடியாது; இந்தத் தாளிடமாவது சொல்கிறேன். எனக்கு ஓர் அண்ணன் இருந்தான்.

போன வருடம், கூட்டத்தில் எழுந்து ஏதோ கேள்வி கேட்டான். கொண்டுபோய்விட்டார்கள். மறுவாரமே நினைவு அலுவலகத்திலிருந்து அண்ணிக்கும் எனக்கும் அழைப்பு. விரலில் ஒரு கருவியை மாட்டி ஒரே கேள்வி: "யாரையாவது நினைச்சு ஏங்குறீங்களா?" பொய் சொன்னால் சிவப்பு விளக்கு எரியும். அண்ணி அழுதுகொண்டே "ஆமாம்" என்றார். உள்ளே அழைத்துப்போனார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்து, கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "நான் எதுக்கு அழுதேன்?" என்று என்னையே கேட்டார்.

நான் "இல்லை" என்றேன். விளக்கு எரியவில்லை. அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. விட்டுவிட்டார்கள்.

மார்ச் 4
என் கட்டுரையைத் தன்னுடையது என்று படித்துக் கைதட்டல் வாங்கியவன். என் புது சைக்கிளை லாரிக்கு அடியில் விட்டவன். பத்து வயதிலேயே என்னை "புரொபசர்" என்று கூப்பிட்டுத் தெருவையே சிரிக்கவைத்தவன். மறப்பேனா?

மார்ச் 11
அண்ணி மாடி ஏறி வந்தார். அவனோடு சேர்ந்து என் உறவும் அவருக்கு மறந்துபோயிற்று; இப்போது அவரைப் பொறுத்தவரை நான் மாடியில் குடியிருக்கும் ஆள்.

"சார், இந்தக் கத்தரிக்கோல் உங்களுதா? எவ்வளவு அழுத்தினாலும் துணி மடங்குதே தவிர வெட்ட மாட்டேங்குது."

"இல்லைங்க."

"தூக்கிப் போடவும் மனசு வரல. சமையலறை அலமாரிக் கதவுகூட எதிர்ப்பக்கமாத்தான் திறக்குது. எந்த மகராசன் மாட்டினானோ!"

இருபது வருடம் "தம்பி" என்று கூப்பிட்ட வாய். சார்! அவன் இடதுகைக்காரன் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்காக நான் ஏன் பேச வேண்டும்?

மார்ச் 14
சைக்கிள்... பரீட்சை ஹால் டிக்கெட்டை வீட்டில் விட்டுப் போனவன் நான். அதை எடுத்துக்கொண்டுதான் மழையில் அப்படிப் பறந்து வந்திருக்கிறான். முழங்காலில் ரத்தம். "போடா புரொபசர், மணியடிச்சுட்டான்." இதை எப்படி எழுதாமல் விட்டேன்? இன்று நான் கல்லூரியில் புரொபசர். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் ஆனேனோ?

கட்டுரை விஷயத்தை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

மார்ச் 15
அவனைப் போலச் சீட்டியடித்துக்கொண்டே சவரம் செய்தேன். தாடையில் வெட்டுக்காயம்.

மார்ச் 19
மறுபடி அழைப்பு. இருபத்திரண்டாம் தேதி. எனக்கு மட்டும். ஒரு முறை நினைவு துடைக்கப்பட்டவர்களைத் திரும்பக் கூப்பிடுவதில்லையாம்.

மார்ச் 20
நாள் முழுக்க அவனைத் திட்டிப் பார்த்தேன். திருட்டுப் பயலே, திமிர் பிடித்தவனே... கோபம் வந்தால்தானே? பாழாய்ப்போனவன், இப்போது போய் நல்லவனாகிறான்.

மார்ச் 21
நாளை விளக்கு எரியும், அல்லது நானே "ஆமாம்" என்பேன். எப்படியும் அவன் என்னிடமிருந்து போய்விடுவான். அதனால் இந்தத் தாள்களை உறையிலிட்டு, கீழ்வீட்டு விலாசம் எழுதி, தபாலில் போடப்போகிறேன்.

அண்ணி, அந்தக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்துப் பாருங்கள். வெட்டும். அது உங்கள் புருஷனுடையது.

பெயர் போடவில்லை. "இதை யார் எழுதினதுன்னு தெரியுமா சார்?" என்று கேட்டுக்கொண்டு நீங்கள் மாடி ஏறி வந்தால், தெரியாது என்பேன். அது பொய்யாக இருக்காது.